பதில்: ‘ஒதுக்கீட்டு உரிமை’ வேண்டாம், ‘விடாவுரிமை’ வைப்போம்

வணக்கம்.

> சால்மன் மீன்பிடி ஒப்பந்தக் கட்டுரைக்கு ‘ஒதுக்கீட்டு உரிமை’ என்றே போடலாமே.

வேண்டாம் ஐயா. ‘Reserved rights’ என்பதற்கு அது சரிவராது. ஒதுக்கீடு என்றதும் நமக்கு இடஒதுக்கீடுதான் நினைவுக்கு வரும். அரசு எடுத்துக் கொடுப்பது என்று பொருள்பட்டுவிடும். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் பகுதியில் நடந்தது நேர்மாறு. 1854-இல் மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில் நிஸ்குவாலி, புயாலப் முதலிய பழங்குடிகள் அமெரிக்க அரசுக்கு நிலத்தைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான துறைகளில் மீன் பிடிக்கும் உரிமையை அல்ல. யாக்கமா குடியின் ஒப்பந்தம் பற்றிய வைனன்ஸ் வழக்கில் 1905-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது: ஒப்பந்தம் குடிகளுக்கு உரிமை வழங்கவில்லை, அவர்களிடமிருந்து பெற்றது, தராதது அவர்களிடமே இருக்கிறது.

நம் கிரயப் பத்திரத்தை எண்ணிப் பாருங்கள். நிலத்தை விற்பவர் கிணற்றுப் பாத்தியத்தைத் தனக்கு நிறுத்திக்கொண்டால், வாங்கியவர் அதைத் தான் கொடுத்த சலுகை என்று சொல்ல முடியுமா?

முதலில் ‘கொடாவுரிமை’ என்று எழுதிப் பார்த்தேன். மறுக்கப்பட்ட உரிமை என்று படிக்க இடமிருப்பதால் கைவிட்டேன். ‘விடாவுரிமை’யில் அந்தக் குழப்பம் இல்லை. 14 வயதில் தொடங்கி 50 முறைக்கு மேல் கைதாகியும் வலையை விடாத நிஸ்குவாலி மீனவர் பில்லி ஃபிராங்குக்கும் பொருந்துகிற சொல் அது.

அடுத்து, ‘பழங்குடிகள் மீதான கூட்டரசு (federal) மேற்பார்வை’ என்ற தொடர். மேற்பார்வை சரி, ‘மீதான’ உறுத்துகிறது. 1974-இல் இந்த ஒப்பந்தங்கள் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதிவரை குடிகளுக்கு உரியது என்றார். வாஷிங்டன் மாநிலம் பணியவில்லை. அதனால் கூட்டரசு நீதிமன்றமே மீன்பிடியை நேரடியாக நடத்த வேண்டியதாயிற்று; 1979-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதி செய்தது. முதன்மையாகக் கண்காணிக்கப்பட்டது மாநிலம்தான். ‘ஒப்பந்த நிறைவேற்ற மேற்பார்வை’ என்று மாற்றலாம்.

ஒரு சொல் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. மாநிலமும் குடிகளும் சேர்ந்து பருவந்தோறும் பிடி அளவை முடிவு செய்கிறார்கள். இவர்களைக் குறிக்கும் ‘co-manager’ என்பதை ‘இணை மேலாளர்’ என்று எழுதினால், இணை இயக்குநர், இணை ஆணையர் போல ஒருபடி கீழ்ப்பதவியாக ஒலிக்கிறது. இருவரும் சமம் என்பதுதான் தீர்ப்பின் உயிர். ‘சமமேலாண்மையர்’ நாவில் ஏறுமா? மீன்வளத் துறையில் இருக்கும் நண்பர்கள் சொல்ல வேண்டும்.