துக்கமா, மனச்சோர்வா? எத்தனை நாள் பொறுக்கலாம்? (ஊர்ப்பேரில் மூணு பேர் பேசிக்கறது)

கெடிலக்கரை: வேலை போனாலோ வீட்டில் சாவு விழுந்தாலோ எவனும் இடிஞ்சுதான் போவான். அதுக்கெல்லாம் மனச்சோர்வுன்னு பேர் வச்சு மாத்திரை கொடுக்கறது தப்பு. மனச்சோர்வுன்னு சொல்ல டாக்டருங்க வச்சிருக்கற 2 வாரக் கணக்கே அவசரப்படக் கூடாதுன்னுதான்.

மஞ்சக்குப்பம்: அண்ணே, கணக்கை முழுசாச் சொல்லணும். 2 வாரமா, அநேகமா தினமும், மனசு தளர்ந்திருக்கணும் இல்லன்னா எதிலயும் நாட்டம் விட்டுப்போயிருக்கணும். கூடவே தூக்கம், பசி, அசதி, கவனம், குற்ற உணர்வுன்னு எல்லாம் சேர்த்து 5 அறிகுறியாவது வேணும். துக்கம் அலையலையா வரும். நடுவுல பேரப்பிள்ளையைப் பார்த்தா முகம் மலரும். மனச்சோர்வுல அந்த மலர்ச்சியும் அநேகமா இருக்காது, 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ங்கற நினைப்பு அரிக்கும்.

கெடிலக்கரை: ஆனா நம்ம பக்கம் உடம்பு வலி, படபடப்புன்னுதானே வர்றாங்க? தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இப்படித்தான் காட்டும். முதல்ல ரத்தம் பாருங்க.

மஞ்சக்குப்பம்: பார்க்கட்டும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, வைட்டமின் பி12 எல்லாத்துக்கும் ஒரே தடவை ரத்தம் எடுத்தாப் போதும். சிக்கல் அதுக்கப்புறம்தான். ரிப்போர்ட் நார்மல்னதும் 'ஒண்ணுமில்ல'ன்னு சத்து ஊசி போட்டு அனுப்பிடறாங்க. விடிகாலை 3 மணிக்கே முழிப்பு, காலையில மோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. இதுவும் மனச்சோர்வோட அடையாளம்தான், ஆனா யாருமே கேக்கறதில்ல.

கோரிமேடு: ஆம்பளைங்ககிட்ட எரிச்சலும் குடியுமாத்தான் தெரியும். குடியை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, அதுவே மனசைத் தாழ்த்தும். முன்னால எப்பவாவது தூங்காமலே துள்ளலா, காசை வாரி இறைச்ச நாள் இருந்தா அதையும் சொல்லணும். அதுக்கு மருந்தே வேற. மனச்சோர்வு மாத்திரை பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல் முதல் வாரமே வந்துடும், அதனால பாதியில விட்டுடறாங்க. தேறின பிறகும் குறைஞ்சது 6 மாசம் சாப்பிடணும். சட்டுனு நிறுத்தினா தலைசுத்தும்.

கெடிலக்கரை: லேசா இருந்தா முதல்ல கவுன்சிலிங்தான், மாத்திரை இல்லங்க. அதை விடமாட்டேன்.

கோரிமேடு: அதுல சண்டையே இல்ல. ஆனா சாகணும்னு பேச்சு, சாப்பிட மறுக்கறது, ஆள் இல்லாமலே காதில் குரல் கேக்கறது, பிள்ளை பெத்தவளுக்குக் குழந்தை மேலயே பயங்கர எண்ணம், இதுக்கெல்லாம் 2 வாரக் கணக்கு கிடையாது. அன்னைக்கே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்க. 'சாகணும்னு தோணுதா'ன்னு நேராவே கேளுங்க, கேட்டா எண்ணம் கிளம்பிடாது. பூச்சிமருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்க, ஆளைத் தனியா விடாதீங்க. மனநல உதவிக்கான அரசு எண் 14416, ராத்திரின்னாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.