ஆச்சி வீடு குழு: நந்தினிக்கு ஒரு லிஸ்ட்

குழு: ஆச்சி வீடு, கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

முருகேசன் (காலை 6:02): [படம்: பிள்ளையார், ரோஜாப்பூ, இனிய காலை வணக்கம்]

ராஜம் (6:10): 🙏

வசந்தா (7:41): எல்லோருக்கும் ஒரு விஷயம். நேற்று நந்தினியை டாக்டரிடம் காட்டினோம். பிள்ளை தலை திரும்பிவிட்டதாம். மே 20 வாக்கில் இருக்கும் என்கிறார். குழந்தைக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நந்தினி பிறந்து 27 வருஷம் ஆகிறது, எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

தீபா (7:44): சூப்பர் அத்தை ❤️

கார்த்தி (7:45): லிஸ்ட் போடுங்கள் சித்தி. நாங்கள் எல்லாம் சேர்ந்து வாங்கித் தருகிறோம். ஒரு வருஷத்துக்கு வேண்டியது மொத்தமும்

ராஜம் (7:52): பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு நூல்கூடப் புதுசு வாங்கக் கூடாது. அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டாள்

வசந்தா: அதனால்தான் அக்கா கேட்கிறேன்

ராஜம்: கேட்கவே கூடாது என்கிறேன்

நந்தினி (7:58): பெரியம்மா, அப்போது பிள்ளையை எதில் சுற்றி வாங்குவது?

ராஜம்: தாத்தா வேட்டி எதற்கு இருக்கிறது?

செல்வி (8:15): எல்லோருக்கும் காலை வணக்கம். கிராமம் கிராமமாகப் போய் நர்ஸ் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முழுதாகப் படியுங்கள். போன தடவை மாதிரி கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் மூன்று மாதம் பிள்ளைக்கு வேண்டியது பால், சூடு, சுத்தம். பால் நந்தினியிடம் இருக்கிறது. சூட்டுக்குக் கோவில்பட்டியில் மே மாதம் குறைச்சலே இல்லை. மிச்சம் சுத்தம்தான். அதற்குத் துணி வேண்டும். ராஜம் அக்கா சொன்னதில் ஒன்று சரி: பழைய மல் வேட்டிதான் நல்லது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், கஞ்சியும் சாயமும் போயிருக்கும். கிழித்து, ஓரம் அடித்து, முப்பது துண்டாவது வைத்துக்கொள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். வெந்நீரில் அலசி வெயிலில் போட்டால் போதும், வாசனைத் திரவம் எதுவும் ஊற்றாதே. டயப்பர் ராத்திரிக்கும் வெளியே போகவும் மட்டும். சின்ன அளவில் பெரிய பாக்கெட் வாங்காதே, சீக்கிரமே பத்தாமல் போய்விடும். மெத்தைக்கு மேலே விரிக்க ரப்பர் ஷீட் இரண்டு. முன்பக்கம் முடிச்சுப் போடுகிற பருத்திச் சட்டை ஆறு. தலையணை வேண்டாம். மல்லாக்கப் படுக்க வை, தலைக்குப் பக்கத்தில் திண்டு, பொம்மை ஒன்றும் இருக்கக் கூடாது. குடை மாதிரி விரிகிற கொசுவலை ஒன்று. அந்த அறையில் கொசுவர்த்தி ஏற்றாதே.

கார்த்தி (8:16): 👍

செல்வி: பார்த்தாயா

தீபா (8:20): சட்டை வாங்க வேண்டாம் அத்தை. ஆதியுடையது ஒரு பெட்டி இருக்கிறது, நான் வரும்போது கொண்டு வருகிறேன். பழையது என்றால் பெரிய அத்தைக்கும் சம்மதம்தானே?

ராஜம்: தாராளமாக. நல்லா வளர்ந்த பிள்ளை போட்ட சட்டை. நானும் ஸ்வெட்டர், குல்லா, கால் உறை மூன்றும் பின்னி வைத்திருக்கிறேன்

கார்த்தி: அம்மா, பிறக்கும் முன்னால் புதுசு கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள் 😂

ராஜம்: வாங்கத்தான் கூடாது. பின்னலாம்

செல்வி: மே மாதம், கம்பளி ஸ்வெட்டர், கோவில்பட்டி.

ராஜம்: மார்கழி வராமலா போய்விடும்?

முருகேசன் (8:31): டேய் மோட்டார் காயில் போய்விட்டது. எலெக்ட்ரீஷியனை உடனே வரச்சொல். கத்திரிக்காய்க்குத் தண்ணீர் பாய்ச்சி மூன்று நாள் ஆகிறது

தீபா: அப்பா, தப்பான குழு

முருகேசன்: சரி சரி. யாருக்காவது நல்ல எலெக்ட்ரீஷியன் தெரியுமா

வசந்தா: எட்டயபுரம் ரோட்டில் ஒருவர் இருக்கிறார் அண்ணே. நம்பர் அனுப்புகிறேன்

முருகேசன்: அவன் போன தடவை வந்து டெஸ்டரைக் காணோம் என்று என்னிடமே கேட்டவன்

கார்த்தி (8:47): இதோ என் லிஸ்ட். ஸ்ட்ரோலர், வாக்கர், பாட்டில் ஆறு, ஸ்டெரிலைசர், பாட்டில் வார்மர், வைப்ஸ் சூடாக்கும் பெட்டி, குழந்தை அழுதால் போனில் காட்டும் கேமரா, பவுடர் செட். எல்லாம் சேர்த்து 38,000 வருகிறது

தீபா: ஸ்ட்ரோலரை எங்கே தள்ளுவாய்? நம் தெருவில் ஆட்டோவே குதித்துக் குதித்துத்தான் வரும். ஸ்டெரிலைசர் நாங்களும் வாங்கினோம், இப்போது அதில் முட்டை அவிக்கிறோம்

நந்தினி: கேமரா எதற்கு அண்ணா? இந்த வீட்டில் பிள்ளை அழுதால் நாலு வீடு தள்ளிக் கேட்கும்

செல்வி (8:58): கார்த்தி, உன் லிஸ்டில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். வாக்கர் கூடவே கூடாது. கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். பிள்ளை படியில் உருளும், சுடுகிற பாத்திரத்தை எட்டிப் பிடிக்கும், நடையும் சீக்கிரம் வராது. நிற்கத் தெரிந்தபின் பிடித்துத் தள்ள மரத்து நடைவண்டி வாங்கிக் கொடு, அது நல்லது. பால்புட்டிக்கும் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்வதையே 1992ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது, நீ ஆறு போட்டிருக்கிறாய். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், இந்த வெயிலிலும் வேண்டாம். பீய்ச்சிக் கொடுக்க வேண்டி வந்தால் மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணம் போதும். புட்டியின் ரப்பர் ஓட்டையைக் கழுவுவதைவிட அதைக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். பவுடர் வேண்டாம், பறக்கிற தூள் நெஞ்சுக்குள் போகும். குளிப்பாட்ட மணமில்லாத சோப்பு ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில். அவ்வளவுதான்.

கார்த்தி: என் லிஸ்டில் மிஞ்சியது என்ன சித்தி

செல்வி: உன் நல்ல மனசு

தீபா: 😂😂

முருகேசன் (9:05): பாலாடை என்றதும் ஞாபகம் வந்தது. வெள்ளிப் பாலாடை, அரைஞாண், தண்டை இதெல்லாம் நாம்தானே போட வேண்டும். சம்பந்தி அம்மா வளைகாப்பிலேயே என் காதுபடச் சொன்னார்கள், பெரியவளுக்கு அவர்கள் வீட்டில்

முருகேசன்: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கார்த்தி: மாமா, மாப்பிள்ளை இந்தக் குழுவில் இருக்கிறார்

முருகேசன்: யார் சேர்த்தது

கார்த்தி: நீங்கள்தான். நிச்சயதார்த்தத்தன்று

அருண் (9:11): பரவாயில்லை மாமா 🙂 அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்

வசந்தா: மாப்பிள்ளை சாப்பிட்டீர்களா

அருண்: சாப்பிட்டேன் அத்தை

ராஜம் (9:30): லிஸ்ட் எல்லாம் இருக்கட்டும். பிறந்ததும் பிள்ளை நாக்கில் சேனை, அதுதான் சர்க்கரைத் தண்ணீர், யார் தொட்டு வைப்பது? நல்ல குணமுள்ள ஆளாகப் பார்க்க வேண்டும். நந்தினிக்கு முருகேசன் வைத்தான், அதனால்தான் அவளுக்கு இந்தப் பிடிவாதம்

நந்தினி: பெரியம்மா!

முருகேசன்: கார்த்திக்கு வைத்தது அக்கா வீட்டுக்காரர். 38,000 லிஸ்ட் போடுகிறான்

செல்வி (9:38): சேனை யாரும் வைக்க வேண்டாம். சண்டை தீர்ந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும், அதற்கு முன்னால் சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் நாக்கில் படக் கூடாது. தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது. அதில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து விஷமாகும், கை கால் துவண்டுவிடும். அக்கா, வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றுவதும் வேண்டாம். கண்ணுக்கு மையும் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பார்க்கிறவன் கண் போகாது என்றால் நான் பொறுப்பல்ல.

ராஜம்: நாங்கள் நான்கு பேரும் உரை மருந்து குடித்துத்தான் வளர்ந்தோம். செத்தா போய்விட்டோம்?

செல்வி: ஐந்து பேர் அக்கா.

வசந்தா: செல்வி, விடு

வசந்தா: வேறு பேசுவோம்

தீபா (10:02): முத்துநகர் எக்ஸ்பிரஸில் மே 18க்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுகிறது. யாருக்காவது தத்கால் போடத் தெரியுமா? வரும்போது என்ன வேண்டும் சொல்லுங்கள்

கார்த்தி: நீ கோவில்பட்டிக்குப் போகிறாய். நாங்கள்தான் கேட்க வேண்டும். திரும்பும்போது எனக்குக் கடலைமிட்டாய் இரண்டு கிலோ

நந்தினி (10:10): செல்வி சித்தி, மருந்துப் பெட்டியில் என்ன வைக்க வேண்டும்? டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டார்

செல்வி (10:24): நல்ல கேள்வி. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. பாதரசம் உள்ளது வேண்டாம், உடைந்தால் ஆபத்து. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுக்காமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். வைட்டமின் டி சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு 400 யூனிட், டாக்டர் எழுதித் தருவார், ஒரு வயது வரை. சொட்டுக் குழலின் கோட்டைப் பார்த்து ஊற்று, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால், டாக்டர் அளவு சொன்ன பிறகுதான். இதில் ஒன்றை எல்லோரும் கவனியுங்கள்: சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிட்டு ஓடி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நாலு வீட்டில் இருக்கட்டும். கிரைப் வாட்டர் தேவையில்லை. பிறந்தவுடன் போடும் ஊசி, பிறகு 6, 10, 14 வாரம், ஒன்பதாம் மாதம், எல்லாம் அட்டையில் எழுதுவார்கள். அந்த அட்டையைத் தொலைத்தால் நான் பேச மாட்டேன்.

நந்தினி: 🙏 ஸ்டார் போட்டு வைத்துவிட்டேன் சித்தி

வசந்தா: அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியே கொடுப்பார்களே?

செல்வி: 2015இல் கொடுக்க ஆரம்பித்தார்கள். 16 பொருள். துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, கை கழுவும் திரவம், அம்மாவுக்குச் சுண்டி லேகியம் வரைக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் முடித்தார்கள். அதைவிட நல்ல லிஸ்ட் நான் இன்னும் பார்க்கவில்லை. கை கழுவும் திரவத்தை எவன் யோசித்தானோ, வருகிற விருந்தாளி கையை நினைத்துத்தான் வைத்திருக்கிறான்

ராஜம்: நாம் தனியாரில்தானே பார்க்கிறோம்

செல்வி: அது மாப்பிள்ளை வீட்டு முடிவு, நான் ஒன்றும் சொல்லவில்லை

அருண் (10:31): 🙂

கார்த்தி (10:40): சரி, இப்படிச் செய்வோம். சித்தி சொன்னதை ஆன்லைனில் கார்ட்டில் போட்டு வைக்கிறேன். வாங்க மாட்டேன். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் பட்டனை அழுத்துகிறேன். அம்மா, இதில் தோஷம் உண்டா?

ராஜம்: கார்ட் என்றால் கூடையா

கார்த்தி: கூடை மாதிரி. காசு கொடுக்காத கூடை

ராஜம்: ஜோசியரிடம் கேட்டுச் சொல்கிறேன்

தீபா: ஆளுக்கு எவ்வளவு? ஜிபே பண்ணுகிறேன்

கார்த்தி: கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். 38,000 இல்லை, பயப்படாதே

வசந்தா (11:05): தூங்க வைக்கத் தூளி போதுமா? ஹாலில் கொக்கி இருக்கிறது

செல்வி: பகலில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சேலை நூல் சேலையாக இருக்கட்டும், அகலத்துக்குக் கம்பு கொடு. கம்பு இல்லாவிட்டால் சேலை இறுகி, பிள்ளை சுருண்டு, தாடை நெஞ்சில் இடித்து மூச்சு முட்டும். கொக்கியில் நீ ஒரு தடவை முழு பாரமும் போட்டுத் தொங்கிப் பார். குப்புற விழ ஆரம்பித்ததும் அவிழ்த்துவிடு. ராத்திரி தட்டையான இடத்தில்தான்.

கார்த்தி: சித்தி தொங்குகிற வீடியோ குழுவில் போடவும்

ராஜம் (11:20): ராத்திரிக்குத்தான் அம்மாவின் தேக்குத் தொட்டில் இருக்கிறதே. மூத்த மகள் வழிக்குத்தான் என்று அம்மா வாய்விட்டுச் சொன்னது. நான் கேட்டேனா? இப்போது நந்தினிக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்

முருகேசன்: தொட்டில் எங்கேயும் போகவில்லை அக்கா. பத்திரமாக இருக்கிறது

தீபா: அப்பா, அதில்தானே வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறீர்கள்?

முருகேசன்: தீபா உனக்குத் தத்கால் போட வேண்டாமா

ராஜம்: வெங்காயமா

ராஜம்: அம்மா தொட்டிலில் வெங்காயமா முருகேசா

முருகேசன்: காற்றோட்டமாக இருக்கும் என்று உங்கள் மதினிதான்

செல்வி (11:34): வெங்காயத்தைவிட முக்கியம் வேறு. கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, பிள்ளை உடம்பு நுழைந்து தலை மாட்டும். பழைய பெயின்ட் உரிந்திருந்தால் சுரண்ட வேண்டாம், ஆசாரியைக் கூப்பிடுங்கள். அண்ணே, அளந்து சொல்லுங்கள்.

முருகேசன்: [படம்: தொட்டில், வெங்காயம், ஒரு பூனை]

நந்தினி: பூனை குட்டி போட்டிருக்கிறதா மாமா?

முருகேசன்: இல்லை, தூங்குகிறது. மூணு விரல் போகிறது

செல்வி: யார் விரல்? டேப்பால் அளங்கள்

முருகேசன் (11:52): டேப் காணோம். எலெக்ட்ரீஷியன் எடுத்துப் போய்விட்டான் போல

ராஜம்: யாரும் அளக்க வேண்டாம். நானே வந்து பார்க்கிறேன்

முருகேசன்: வாருங்கள் அக்கா. வெள்ளிக்கிழமை வேண்டாம், நாங்கள் குலசேகரன்பட்டினம் கோயிலுக்குப் போகிறோம்

ராஜம்: வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தோதுப்படும்