பதினாறாம் நாள் பத்திரிகையும் ஒரு றகரமும்

குழு: ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்
புதன்கிழமை

சேரன்மகாதேவி சித்தப்பா – மாலை 6.10
பதினாறாம் நாள் பத்திரிகையின் மெய்ப்பை அச்சகத்தில் இருந்து அனுப்பிவிட்டார்கள். படமாகப் போட்டிருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் சொன்னால்தான் சாயங்காலம் பிரதிகள் கைக்கு வரும். எல்லோரும் ஒரு முறை படித்துவிட்டு, பிழை இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

சென்னை அண்ணன் – 6.14
படித்துவிட்டேன், சித்தப்பா. எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

பெரியப்பா – 6.31
சரியாக இல்லை. தலைப்பில் ‘உத்திரகிரியை’ என்று இருப்பதை ‘உத்தரகிரியை’ என்று மாற்ற வேண்டும். உத்தரம் என்றால் பின்னால் வருவது. நாம் உத்திரம் என்று சொல்வது கூரையைத் தாங்கும் மரத்தை. மூன்றாம் வரியில் ‘நடைபெருவதால்’ என்று இருக்கிறது. பெரு என்றால் பெரிய, பெறு என்றால் அடை. ஆகவே ‘நடைபெறுவதால்’ என்பதே சரி. முகவரியில் ‘அம்மன் கோவில் தெரு’ என்று இருப்பதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஓகாரத்துக்குப் பின் உடம்படுமெய்யாக வகரம் வர வேண்டும் என்பது நன்னூல் விதி, அதன்படி கோவில். கோயில் என்பது நெடுங்கால வழக்கு. இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரிகை முழுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சேரன்மகாதேவி சித்தப்பா – 6.33
சரி அண்ணா, குறித்துக்கொண்டேன்.

சென்னை அண்ணன் – 6.34
கோயில் என்றே போடுவோம், அப்பா.

சேரன்மகாதேவி சித்தப்பா – 6.36
தெருப் பலகையில் கோவில் என்றுதான் எழுதியிருக்கிறது. அது இருக்கட்டும். படத்துக்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றிய அந்த வரிகளை அக்காதான் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

தென்காசி அத்தை – 6.40
(குரல் பதிவு, 9 விநாடி)

தென்காசி மாமா – 6.47
கேட்டிருப்பீர்கள். அவள் எழுத மாட்டேன் என்கிறாள். அன்றைக்குப் பிறகு அவள் இந்தக் குழுவில் ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை. எதுவானாலும் பேசித்தான் அனுப்புகிறாள். காரணம் எல்லோருக்கும் தெரியும்.

மதினி – 6.50
தெரியும், மாமா.

நான் – 6.58
தெரிந்ததைச் சொல்லாமல் விட்டால் இது மனத்துக்குள்ளேயே கிடந்து புளிக்கும், ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். ஆச்சி போன அன்று விடியற்காலை 4.50க்கு ‘அம்மா இரந்துவிட்டாள்’ என்று அத்தை எழுதினார்கள். நான்கு நிமிடம் கழித்து, ‘இறந்து. வல்லின றகரம்’ என்று பெரியப்பா எழுதினீர்கள். துக்கச் செய்திக்கு இந்தக் குழுவில் வந்த முதல் பதில் அதுதான். மற்றவர்களின் ஆறுதல் எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. அன்று கேதத்துக்கு வந்தவர்கள்கூட அதைப் பற்றித் தாழ்வாரத்தில் நின்று பேசினார்கள்.

பெரியப்பா – 7.20
ஆமாம், எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதையும் கேளுங்கள். இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். வள்ளுவர் ‘இரவு’ என்று 106ஆம் அதிகாரத்தை வைத்துவிட்டு, அடுத்ததாகவே ‘இரவச்சம்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். மானமுள்ளவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு பயம். நம் அப்பா போனபோது கடைசித் தம்பிக்கு இரண்டு வயது. அம்மா விடியும் முன் எழுந்து நெல் அவித்துக் குத்தி, அரிசியை முக்குறுணி, நாலு மரக்கால் என்று விற்று எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தாள். ஒருநாளும் ஒருவர் வாசலில் போய் அவள் கை நீட்டி நின்றதில்லை. அப்படிப்பட்டவளின் கடைசிச் செய்தியில் ‘இரந்து’ என்ற சொல் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தங்கையைக் குறை சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அணுவளவும் இல்லை.

தென்காசி மாமா – 7.26
மச்சான், உங்கள் மனத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அவள் கண்ணில் பட்டது திருத்தம் மட்டும்தான். எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தியது எதற்காக என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பெரியப்பா – 7.27
என்னைப் படிக்க வைப்பதற்காக.

மதினி – 7.31
பேரனின் முதல் பிறந்தநாள் அன்றும் இப்படித்தான் நடந்தது, மாமா. நாற்பத்தைந்து செய்திகளில் பாதிக்கு மேல் ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்பதைப் பற்றியே இருந்தன. என் அம்மா ‘வாழ்த்துக்கள்’ என்று போட்டிருந்தார்கள். நீங்கள் திருத்தியதும் அதை அழித்துவிட்டார்கள்.

பெரியப்பா – 7.35
‘கள்’ என்பது விகுதியாதலால் ஒற்று மிக வேண்டியதில்லை என்பது என் கட்சி. மிகும் என்று சொல்லும் புலவர்களும் இருக்கிறார்கள். சம்பந்தி அழித்தது எனக்கு இன்றுவரை தெரியாது.

சென்னை அண்ணன் – 7.36
அப்பா, இப்போது பத்திரிகையைப் பார்ப்போம்.

நான் – 7.55
அண்ணா, பத்திரிகையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் மெய்ப்புப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். காலையில் உட்கார்ந்தால் மாலை வரை ஒற்றும் றகரமும்தான் என் வேலை. அந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது என்னவென்றால், தாளை நம் கையில் கொடுத்துப் ‘பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்டவருக்கு ஒரு பிழையையும் விடக் கூடாது. கேட்காதவரின் தாளில் பேனாவை வைக்கவே கூடாது. சித்தப்பா இன்று கேட்டார். நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போகும் பத்திரிகை அது, ஆகவே பெரியப்பா சொன்ன ஒவ்வொரு திருத்தமும் வேண்டியதே. அத்தை அன்று யாரிடமும் கேட்கவில்லை. ஆச்சி போய்விட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிட்டது, அதைப் படித்து ஒருவரும் வேறு அர்த்தம் நினைக்கவில்லை.

அந்தப் பிழை எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். அத்தையின் கைபேசியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் விசைப்பலகை இருக்கிறது. அதில் ‘ஆர்’ என்ற ஓர் எழுத்துத்தான் ரகரத்துக்கும் றகரத்துக்கும். இரந்து, இறந்து என்று இரண்டும் மேலே வரிசையாக வந்து நிற்கும். அழுதுகொண்டே தட்டுகிறவரின் விரல் முதலில் நிற்பதைத் தொடும். ழகர ளகரம் அப்படி இல்லை, அது நம் நாக்கிலேயே இருக்கிறது. ‘வாளப்பளம்’ என்றுதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம். பெரியப்பாவும் சாப்பாட்டு இலைக்கு முன்னால் அப்படித்தான் கேட்பீர்கள். பேச்சில் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

நான் – 8.02
இன்னும் ஒன்று கேட்க வேண்டும், பெரியப்பா. ஆச்சி எழுதிய இன்லேண்டு கடிதங்கள் உங்கள் டிரங்குப் பெட்டியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் ஆச்சி லையையும் னையையும் பழையபடி தும்பிக்கை வைத்தே எழுதினார்கள். பாதி மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஓலையில் எழுதியவர்களும் புள்ளி வைக்காமல்தான் எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் நீங்கள் எதையாவது திருத்தியிருக்கிறீர்களா?

சேரன்மகாதேவி சித்தப்பா – 8.04
அம்மாவின் கடிதத்தை யார் திருத்துவார்கள்?

பெரியப்பா – 8.41
ஒரு முறை திருத்தினேன். மதுரையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது. புதிதாகச் சிவப்பு மை பேனா வாங்கியிருந்தேன். அம்மாவின் கடிதத்தில் இருபத்து மூன்று இடங்களில் வட்டம் போட்டு, பக்கத்தில் சரியான வடிவத்தை எழுதி, அதையே ஓர் உறையில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். அம்மா பார்த்துக் கற்றுக்கொள்வாள், சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அடுத்து வந்த கடிதம் பக்கத்து வீட்டுப் பையனின் கையெழுத்தில் இருந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. ‘நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பியிருக்கிறேன்’ என்று மூன்று வரி. பசு கன்று போட்டதும், தம்பிக்குக் காய்ச்சல் வந்து தணிந்ததும், ஆற்றில் வெள்ளம் வந்ததும் அதில் இல்லை. எனக்கு வேலை கிடைக்கும் வரை அம்மா தன் கையால் ஒரு வரியும் எழுதவில்லை.

முதல் சம்பளத்தோடு வீட்டுக்குப் போன அன்று, நடுவீட்டு உத்திரத்தில் தொங்கிய கம்பியில் மற்றக் கடிதங்களோடு அந்தச் சிவப்பு மைக் கடிதமும் குத்தியிருந்ததைப் பார்த்தேன். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன். ‘என் பிள்ளை கைபட்டது, இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டாள். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மதினி – 8.44
மாமா.

சேரன்மகாதேவி சித்தப்பா – 8.46
அந்தக் கம்பி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது, அண்ணா.

பெரியப்பா – 8.52
தங்கச்சி, அன்று 4.50க்கு நீ எழுதியதற்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். செய்தி கிடைத்தது. உடனே புறப்பட்டு வருகிறேன். நீ அம்மா பக்கத்தில் இருந்தாயே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

தென்காசி மாமா – 9.05
அவள் படித்துவிட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தென்காசி அத்தை – 9.48
விடியும் முன் எழுந்து நெல் அவித்தாய்.
நீ ஊதிய அடுப்பில் ஐந்து பேரும் குளிர் காய்ந்தோம்.
நீ நடந்த வாய்க்கால் வளியில் இன்னும் உன் காலடி கேட்கிறது.
கதவு திறந்தே இருக்கிறது அம்மா.

சேரன்மகாதேவி சித்தப்பா – 9.50
அக்கா.

மதினி – 9.50
இதையே போடுங்கள், அத்தை.

தென்காசி அத்தை – 9.53
அண்ணா, அச்சுக்குப் போகும் முன் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா – 9.58
நாலு வரியிலும் அம்மா இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிடுகிறேன்.

சேரன்மகாதேவி சித்தப்பா – 10.03
பத்து மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதீர்கள். கோவிலா கோயிலா என்பதை இன்னும் யாரும் முடிவாகச் சொல்லவில்லை.