மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

தக்கலை அம்மா:
மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. மார்பு லேசாக வளர ஆரம்பித்திருக்கிறது, இடித்தால் வலிக்கிறது என்கிறாள். வயசுக்கு வருவதைப் பற்றி இப்போதே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாமியாரோ, "வந்தபிறகு சொன்னால் போதும், சின்னப்பிள்ளையை ஏன் பயமுறுத்துகிறாய்" என்கிறார். பேச்சை எப்படித் தொடங்குவது?

குலசேகரம் டீச்சர்:
இப்போதே சொல்லுங்கள் அக்கா. மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடத்தில் மாதவிடாய் வந்துவிடும், அதற்குச் சில மாதம் முன்பே வெள்ளை படும். எதுவுமே தெரியாத பிள்ளை பள்ளிக் கழிவறையில் ரத்தத்தைப் பார்த்து, ஏதோ பெரிய நோய் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டு நிற்கும். அதைவிடவா நாம் பயமுறுத்திவிடப் போகிறோம்? உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு நாப்கினைப் பிரித்து, பின்பக்கத் தாளை உரித்து, ஜட்டியில் ஒட்டிக் காட்டுங்கள், அவளும் ஒட்டிப் பார்க்கட்டும். கருப்பைக்குள் மாதாமாதம் மெத்தைபோல ஒரு படலம் வளர்கிறது, கரு தங்காதபோது அது ரத்தத்தோடு வெளியே வருகிறது, இவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அப்புறம் புத்தகப்பையில் ஒரு சின்னப் பைக்குள் இரண்டு நாப்கினும் ஒரு ஜட்டியும் எப்போதும் இருக்கட்டும்.

கிராமச் செவிலியர்:
முதல் ஓரிரு வருடம் தேதி ஒழுங்காக இருக்காது, 21 நாளிலும் வரும், 45 நாளும் ஆகும். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயது முடிந்தும் வரவில்லை என்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அரசின் புது யுகம் திட்டத்தில் நாப்கின் இலவசம், பள்ளியிலோ உங்கள் ஊர்ச் செவிலியரிடமோ கேளுங்கள். துணி வைத்தாலும் சரிதான், ஆனால் நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட துணி ஈரம் போகாமல் அப்படியே கிடக்கும், அதைத் திரும்ப வைத்தால் அரிப்பும் புண்ணும்தான். கொடியில், வெயில் படும்படி போடுங்கள். எதை வைத்தாலும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

தக்கலை அம்மா:
ரொம்ப நன்றி. தீட்டு என்று தனிப்பாய், தனித்தட்டு வைத்துவிடுவார்களோ என்பதுதான் இப்போது கவலை.

மார்த்தாண்டம் பாட்டி:
மக்களே, மாமியாரை ஒதுக்காதே. உளுந்தும் கருப்பட்டியும் போட்டுக் களி கிண்டும் வேலையை அவரிடமே விடு, ஆசையாகச் செய்வார். தனித்தட்டு வேண்டாம் என்பதை மட்டும் உன் வீட்டுக்காரர் சொல்லட்டும், அதுவும் பிள்ளை வயசுக்கு வருவதற்கு முன்பே. வீட்டில் பையன் இருந்தால் அவனுக்கும் சொல்லிக்கொடு. கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வரட்டும், கறுப்புக் கவர் கேட்க வேண்டாம்.