பெரியவீட்டு உறவுகள்: வாசகசாலை மாடி ஒழுகுகிறது

காலை 5:48
சுந்தரம்: அனைவருக்கும் வணக்கம். ராத்திரி மழையில் வாசகசாலை மாடி அறை ஒழுகிவிட்டது. முருகேசன் போன் செய்தான். பீரோவின் மேல் தட்டு முழுக்கத் தண்ணீர். ஓலை ஏட்டுக் கட்டு, பண்ணைக் கணக்கு நோட்டு, தாத்தா படம் எல்லாம் நனைந்திருக்கிறது. யார் ஊரில் இருக்கிறீர்கள்?

மீனா: ஐயோ

செந்தில்: திருவாரூரில் இருக்கிறேன் மாமா. பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

விஜயா: கஜா புயலில் ஓடு போனபோதே ஒழுங்காகப் போட்டிருந்தால் இது வருமா? அப்போது பணம் அனுப்பினார்களே, அது எங்கே போயிற்று?

கார்த்தி சிங்கப்பூர்: அத்தை, நான் அனுப்பியது 2018லேயே. ரசீதுகூட யாரும் கொடுக்கவில்லை.

சுந்தரம்: பாதி ஓடு, பாதி கொத்தனார் கூலி. கணக்கு என்னிடம் இருக்கிறது. இப்போது அதைப் பேச வேண்டாம்.

விஜயா: சரி

பாலு: குட் மார்னிங் 🌹🙏

செந்தில்: அப்பா, மேலே படியுங்கள்.

6:15
யாழினி: பெரியப்பா, எதையும் வெயிலில் போட வேண்டாம் என்று முருகேசன் அண்ணனிடம் உடனே சொல்லுங்கள். நோட்டுப் பக்கங்களைப் பிரிக்கவும் வேண்டாம். முதலில் பீரோவை அப்படியே போட்டோ எடுக்கட்டும், தட்டு தட்டாக. எது எங்கே இருந்தது என்பதே நம்மிடம் எழுத்தில் இல்லை.

சுந்தரம்: எழுத்தில் இல்லையா? என் மனதில் இருக்கிறதே.

யாழினி: அதைத்தான் சொல்கிறேன் 😐

விஜயா: குத்துவிளக்கு இரண்டும் கறுத்துப் போயிருக்கும். நான் வந்து புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன்.

யாழினி: அத்தை வேண்டாம்! பூஜை விளக்கு வேறு, இது வேறு. புளியில் மேல்தோல் போய்விடும், தேய்க்கத் தேய்க்க வேலைப்பாடும் மழுங்கும். துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். மாவு மாதிரி வெளிர்பச்சையாக எங்கேயாவது பூத்திருந்தால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அது ஈரமும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் நோய். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930லேயே ரசாயனக் கூடம் வைத்தது வெண்கலச் சிலைகளை இந்த நோயிலிருந்து காப்பாற்றத்தான்.

விஜயா: அம்மா புளி போட்டுத்தான் தேய்ப்பாள்

மீனா: அண்ணி விடுங்கள், அவள் படித்துக்கொண்டிருப்பதே இதைத்தான்

கார்த்தி சிங்கப்பூர்: நான் அப்போதே சொன்னேன், ஏட்டை என்னிடம் கொடுங்கள், இங்கே ஏசி அறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறேன் என்று.

சுந்தரம்: தம்பி, 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வயது கடந்த பொருள் தொல்பொருள். மதிப்புள்ள சுவடி என்றால் 75 வருடமே போதும். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. ஏர்போர்ட்டில் பிடித்தால் உனக்குத்தான் அசிங்கம்.

விஜயா: ஊஞ்சல் போனது போதும்

கார்த்தி சிங்கப்பூர்: ஊஞ்சல் எங்கள் அப்பா பங்கு அத்தை

விஜயா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

6:52
சுந்தரம்: ஏடு பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் காலத்தில் ஏடு பழசானால் புதிதாகப் படி எடுத்துக்கொண்டு பழையதை ஆடிப்பெருக்கில் காவிரியில் விடுவார்கள். படி எடுக்க ஆள் இல்லாத காலத்திலும் விட்டார்கள், அதில் போனது எவ்வளவோ. தஞ்சாவூர் ராஜா சரபோஜி சேர்த்து வைத்ததால் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருப்பதாவது தப்பித்தது. அங்கே எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள், வசம்புப் பொடியைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைப்பார்கள். நம் தாத்தாவும் வேப்பிலை வைத்திருந்தார். அது என்ன ஏடு என்றால், பாதி மாட்டு வைத்தியம், பாதி

பாலு: மச்சான், ரயில் கிளம்பிவிட்டது 😂

யாழினி: எண்ணெய் இப்போது வேண்டாம் பெரியப்பா. ஈரம் போகட்டும். கயிற்றைத் தளர்த்தி, நிழலில் ஃபேன் காற்றில் வைத்தால் போதும். ஒட்டியிருக்கும் ஏட்டைக் கத்தியால் நெம்பக் கூடாது.

செந்தில்: நோட்டு?

யாழினி: அதுதான் அவசரம். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். நிறைய இருப்பதால் எல்லாவற்றையும் உலர்த்தி முடிக்க முடியாது. தனித்தனியாகப் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் கெடாது. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பாலு மாமா, கடை ஃப்ரீசர்?

பாலு: அதில் தீபாவளிக் கறி இருக்கிறதே!

மீனா: சிவ சிவா

பாலு: கொஞ்சம் இறாலும் இருக்கிறது

விஜயா: கணக்கு நோட்டுக்கு என்ன ஆச்சாரம் வேண்டிக் கிடக்கிறது. வையுங்கள்.

யாழினி: தாத்தா படம் மட்டும் ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு அப்படியே இருக்கட்டும். லாமினேஷன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

கார்த்தி சிங்கப்பூர்: சொம்பு பத்திரமா?

செந்தில்: எது, ராஜாஜி சொம்பா 😄

சுந்தரம்: சிரிக்காதே. உப்புச் சத்தியாகிரகத்துக்கு ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13 திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் சிறை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அதனால் ஜனங்கள் வழியில் மரக்கிளையில் சோற்றுப் பொட்டலம் கட்டி வைத்தார்கள். தாத்தாவும் கட்டினார். ராஜாஜிக்கு அந்தச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

பாலு: மச்சான், எங்கள் அப்பா சொன்னது வேறு. உங்கள் தாத்தா அன்று வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தாராம். தண்ணீர் கொடுத்தது கொல்லைப்பக்கமாகப் பாட்டிதான்.

விஜயா: உங்களுக்கு இது தேவையா?

மீனா: பாட்டி கொடுத்தார் என்றால் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது

யாழினி: சீட்டில் இரண்டையும் எழுதலாம், யார் சொன்னது என்று பெயரோடு. இப்போது அதில் ஒன்றுமே எழுதியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் வெறும் பித்தளைச் சொம்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சுந்தரம்: கதவு சாத்தினார் என்றெல்லாம் எழுத வேண்டாம்.

9:40
செந்தில்: வந்துவிட்டேன். (9 படங்கள்) நோட்டு பதினொன்று. நான்கு ரொம்ப மோசம். நெல் அளக்கும் மரக்கால், படி எல்லாம் நன்றாக இருக்கின்றன. தார்பாய் வேண்டும், யாரிடம் இருக்கிறது?

மீனா: கீழே பச்சையாகத் தெரிவது என்ன?

செந்தில்: முருகேசன் அண்ணன் டிபன் பாக்ஸ்.

செந்தில்: அண்ணன் ஒன்று கேட்கிறார். 1949 நோட்டில் அவர் தாத்தா பெயர் இருக்கிறதாம். கூலி இத்தனை மரக்கால், கடன் இத்தனை கலம் என்று. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு வாளி வைத்துத் தண்ணீர் பிடித்ததும் அவர்தான்.

10:05
விஜயா: அதை எதற்கு இப்போது

விஜயா: ஊர் முழுக்கக் காட்டுவதற்கா? கணக்குப்பிள்ளை எழுதியது, அப்பாவா எழுதினார்

யாழினி: அத்தை, மற்ற பொருளெல்லாம் வேறு ஊரிலும் கிடைக்கும். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் யாருக்கு என்ன கூலி என்பது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டில் அந்தத் தாத்தா பெயர் எழுதிய காகிதம் வேறு இருக்குமா?

கார்த்தி சிங்கப்பூர்: போட்டோதானே, எடுக்கட்டும்

விஜயா: நீ சிங்கப்பூரில் இருந்து சொல்வாய். தெருவில் நடப்பது நான்.

பாலு: எடுத்துக்கொள்ளச் சொல்லு செந்தில்

விஜயா: நீங்கள் பேசாமல் இருங்கள்

மீனா: பேசாமல் எல்லாவற்றையும் திருவாரூர் அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டால் என்ன? கவர்ன்மெண்ட் பார்த்துக்கொள்ளும்.

சுந்தரம்: அங்கே கொடுத்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் யார் போய்ப் பார்ப்பார்கள்? முதலில் ஒரு பதிவேடு போடுவோம். எண், பொருள், யார் கொடுத்தது, என்ன நிலையில் இருக்கிறது. யாழினி, ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா?

யாழினி: வருகிறேன். எண்ணை மார்க்கரால் பொருள் மேல் எழுத வேண்டாம். நூலில் சீட்டுக் கட்டலாம், பென்சிலில்.

செந்தில்: முருகேசன் அண்ணன் பக்கத்தில்தான் நிற்கிறார். என்ன சொல்லட்டும்?

10:31
சுந்தரம்: நனைந்த நோட்டை இப்போது பிரிக்கக் கூடாது என்று யாழினி சொல்கிறாளே. காயட்டும்.

யாழினி: பெரியப்பா 🙄 காய்ந்த பிறகு?

சுந்தரம்: ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். முருகேசனும் வரட்டும்.

செந்தில்: 1949 நோட்டு நனையவே இல்லை மாமா. கீழ்த்தட்டில் இருந்தது.

செந்தில்: அண்ணன் போட்டோ எடுத்துக்கொண்டுவிட்டார்.

விஜயா: 👀

மீனா: ஞாயிறு எத்தனை பேர் சாப்பாட்டுக்கு? கொத்தனாரும் வருகிறாரா?

கார்த்தி சிங்கப்பூர்: ஓட்டுக்கு இந்தத் தடவை எவ்வளவு? ரசீது வேண்டும்.

பாலு: ஃப்ரீசர் காலி. கறி இரண்டு கிலோ வெளியே இருக்கிறது, சீக்கிரம் யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.