1978 பாய்ப்படகின் டிரான்சம் (பின்பக்கச் சுவர்) தட்டினால் மொத்தென்று கேட்கிறது: தண்ணீரில் இறக்கலாமா?

ஏரிக்காற்று:
வணக்கம். ஒன்ராறியோ ஏரியில் ஓட்டவென்று பழைய கட்டலினா 22 ஒன்று வாங்கியிருக்கிறேன், 1978ஆம் ஆண்டுப் படகு. இப்போது ட்ரெய்லரில் நிற்கிறது. படகின் பின்னால் வெளியே தொங்கும் அவுட்போர்ட் என்ஜினின் பிராக்கெட்டைப் பிடித்து அசைத்தால் டிரான்சமும் லேசாகச் சேர்ந்து அசைகிறது. கீழ் போல்ட்டின் அடியில் தேயிலைச் சாயம் போல ஒரு கோடு வழிந்து காய்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினேன். ஓரங்களில் 'டக் டக்' என்கிறது, பிராக்கெட்டைச் சுற்றி 'மொத்' என்கிறது. துளை போட்டு எப்பொக்சியை (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசை) ஊசியால் ஏற்றினால் போதும் என்று ஒருவர் சொன்னார். சரியா?

வடகடல்:
அசைகிறது என்றால் அந்த என்ஜினைத் தொங்கவிடாதீர்கள். 6 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் என்றால் 25 கிலோவுக்கு மேல் இருக்கும். சுக்கானும் அதே பலகையில்தான் மாட்டியிருக்கிறது.

பழம்படகு:
தம்பி, ஊசி யோசனையை விட்டுவிடுங்கள். ஈரம் குடித்த பிளைவூட்டுக்குள் எப்பொக்சி பரவாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகும், அதற்கு அப்பால் அழுகல் அப்படியே கிடக்கும். வெளியே ஃபைபர் தோல், நடுவில் பிளைவூட், உள்ளே இன்னொரு தோல்: நடுமரம் இரண்டு தோலையும் விடாமல் ஒட்டிப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் டிரான்சத்துக்கு விறைப்பு. இங்கத்தைய குளிர் வேறு. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஒவ்வொரு பனிக்காலமும் அந்த ஒட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும்.

முதலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஈரம் அளக்கும் மீட்டரை மட்டும் நம்பவேண்டாம், பின்னால் போல்ட்டோ வாஷரோ இருந்தால் அது பொய் சொல்லும். பின்பக்கச் சாமான் அறையான லாக்கருக்குள் இறங்கி உள்பக்கத்திலிருந்து 3/16 அங்குல ட்ரில்லால் துளையிடுங்கள். வெளித்தோலைத் தொடாதபடி ஆழத்துக்கு ட்ரில் முனையில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வரும் சீவலை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். வெளிறிப் பொடியாக உதிர்ந்தால் மரம் நல்லது. கறுத்து, கசிந்து, புளித்த மணம் வந்தால் அந்த இடம் போய்விட்டது. பிராக்கெட்டில் தொடங்கி, நல்ல சீவல் வரும்வரை சுற்றிலும் விலகி விலகி நகருங்கள். சுக்கான் கீல்களைக் கட்டாயம் பாருங்கள். சத்தம் நன்றாக இருக்கிறது என்று அங்கே விட்டுவிடாதீர்கள். எல்லையை மார்க்கரால் கோடு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு உள்தோலை வெட்டி, ஓரத்தில் 2 அங்குலம் விட்டு, அழுகியதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். நல்ல மாஸ்க் இல்லாமல் ஃபைபரைத் தேய்க்கவே வேண்டாம். காயவைப்பதில் அவசரப்படாதீர்கள், ஹீட்டரும் காற்றாடியும் நாள்கணக்கில் ஓடட்டும். புதிய மரம் மரைன் பிளைவூட்தான். முக்கால் அங்குலம் வேண்டுமென்றால் 3/8 அங்குலத்தில் இரண்டு தகடு போடுங்கள், வளைவுக்கு இணங்கும். முதலில் மரத்தில் வெறும் எப்பொக்சி பூசி ஊறவிட்டு, அப்புறம் சிலிக்காத் தூள் சேர்த்துக் கெட்டியாக்கியதை வெளித்தோலின் உள்முகம் முழுக்கத் தடவி, மரத்தை வைத்து அழுத்துங்கள். நாலு பக்கமும் பிதுங்கி வரவேண்டும். பிதுங்காத இடத்தில் காற்று நிற்கிறது, நாளைக்குத் தண்ணீர் நிற்கப்போவதும் அங்கேதான். மேலே பையாக்சியல் துணி (இரண்டு திசையில் இழை ஓடும் ஃபைபர் துணி), ஓரங்களை 1க்கு 12 சரிவில், அதாவது தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்கு, தேய்த்து ஒட்டுங்கள்.

ஏரிக்காற்று:
மிக்க நன்றி அண்ணா. காக்பிட் தொட்டி (உட்கார்ந்து ஓட்டும் பள்ளம்) மறிப்பதால் ஒரு பக்கம் கை எட்டாது போலிருக்கிறது. ஏப்ரலில் செய்யலாமா? விலை குறைவு என்று பொலியெஸ்ரர் ரெசின் போட்டால்?

பழம்படகு:
எட்டாவிட்டால் வெளியிலிருந்து வெட்டுங்கள். பெயின்ட் வேலை கூடும், ஆனால் மரம் முழுக்க ஒட்டும். அதுதான் முக்கியம். பொலியெஸ்ரர் வேண்டாம், பழைய, இறுகிய ஃபைபரிலும் மரத்திலும் எப்பொக்சி அளவுக்குப் பிடிக்காது. ஏப்ரலில் இரவுக் குளிரைப் பாருங்கள். வேகமான ஹார்ட்னர் (எப்பொக்சியை இறுகவைக்கும் திரவம்) போட்டாலும் குளிரில் மெதுவாகத்தான் இறுகும், தார்ப்பாய் கட்டி உள்ளே சூடேற்றவேண்டும். இறுகியதும் மேலே மெழுகு மாதிரி வழுக்கும் படலம் வரலாம். அதைத் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் அடுத்த அடுக்கு.

வடகடல்:
போல்ட் துளைகளையும் சொல்லுங்கள், வியாதி தொடங்கியதே அங்கேதானே.

பழம்படகு:
ஆமாம். 5/16 போல்ட்டுக்கு முதலில் அரை அங்குலத் துளை போட்டு, கெட்டியான எப்பொக்சியால் அடைத்து, இறுகியபின் நடுவில் 5/16 துளையுங்கள். மரம் எங்கேயும் வெளியே தெரியக்கூடாது. பியூட்டில் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து முறுக்குங்கள், சிலிக்கன் வேண்டாம். உள்ளே சின்ன வாஷருக்குப் பதில் அகலமான தகடு போடுங்கள். துளையிட்டதும் சீவலைப் படமெடுத்து இங்கே போடுங்கள் தம்பி, எங்கே வெட்டுவது என்று சேர்ந்து பார்ப்போம்.