ரெண்டடி தொட்டில அஞ்சு பொட்டை ஃபைட்டர், கூட எந்த மீனுங்க விடலாம்?

திருப்பூர்_செடித்தொட்டி

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கூட்டுல ரெண்டடி நீளம் ஒரடி அகலம் ஒரடி ஒசரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்குது, அதுல அஞ்சு பீமேல் ஃபைட்டர் மீனு (பெட்டா) மட்டும் விட்டிருக்கறனுங்க. குட்டியா இருக்கறப்பவே அஞ்சையும் ஒட்டுக்கா வாங்குனது, அதனாலயோ என்னமோ பெருசா சண்டை இல்ல, நீலக்கலர் ஒண்ணு மட்டும் மத்ததுகளைய வெரட்டிக்கிட்டே இருக்கும், ஆனா இதுவரைக்கும் எதுக்கும் துடுப்பு வால் கிழியல. ஸ்பான்ஞ் ஃபில்டர் ஓடுது, கொஞ்சம் வாலிஸ்னேரியா, ஜாவா ஃபெர்ன் செடி, ஒரு மரக்கட்டை, அடியில மணல். எல்லா மீனும் மேல்தண்ணிலயே சுத்துது, அடிப்பக்கம் வெறுமனே கெடக்குது, பாப்பா வேற இன்னும் மீன் வேணும்னு கேட்டுட்டே இருக்கறா. கடைல கேட்டா கப்பி போடுங்க, நியான் டெட்ரா போடுங்க, டைகர் பார்ப் நல்லா ஆக்டிவா இருக்கும்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எங்குளுது போர்த்தண்ணிதானுங்க, தண்ணில கரைஞ்ச உப்பை அளக்கற டிடிஎஸ் மீட்டர்ல 900 கிட்ட காட்டுது. பழக்கம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ், இருக்கற அஞ்சுக்கும் ஒண்ணும் ஆயிறக் கூடாது, அதான் கேட்டுட்டு வாங்கலாம்னு இருக்கறன்.

கோபி_வாய்க்காமேடு

வாங்கறதுக்கு முந்தியே கேட்டீங்க பாருங்க அம்மிணி, நெம்ப சந்தோசம். மொதல்ல டைகர் பார்ப் வேண்டவே வேண்டாமுங்க, அது கூட்டத்துலயே ஒண்ணைய ஒண்ணு கடிச்சுக்கிட்டு திரியற மீன், மெதுவா நீந்தற ஃபைட்டர் துடுப்பைப் பாத்தா சும்மா விடாது. செர்ப்பே டெட்ராவும் அதே ரகம். கௌராமி ஃபைட்டருக்கு சொந்தக்கார மீன், மேல வந்து காத்து குடிக்கற அதே எடத்துக்கு ரெண்டும் அடிச்சுக்கும். கோல்ட் ஃபிஷ் பேச்சே எடுக்காதீங்க, அது போடற கழிவுக்கு இந்தத் தொட்டி தாங்காது, சூடும் அதுக்கு ஒத்து வராது. கேரளா ஆத்துல புடிச்சு வர்ற குட்டிப் பஃபர்னு பட்டாணி சைஸ்ல ஒண்ணு விப்பாங்க, பாக்க அம்புட்டு அழகா இருக்கும், ஆனா துடுப்பு கொறிக்கறதுல அதை மிஞ்ச ஆளில்ல.

இன்னொண்ணு, பசங்க வாய்க்கால்ல துண்டைப் போட்டு புடிச்சுட்டு வர்ற மீனைக் கொண்டாந்து விட்றாதீங்க. எங்க தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி வுட்டா போதும் பாட்டில் பாட்டிலா புடிச்சுட்டு வந்துருவாங்க, அதுல பேன், புழு எது இருக்கும்னு கண்ணுக்குத் தெரியாது.

அடிப்பக்கம்தான் காலின்னு சொல்றீங்கல்ல, அப்ப அடியில இருக்கற மீனா பாருங்க. என்னைய கேட்டா குலி லோச் ஒரு ஆறு. பாம்புக்குட்டி மாதிரி நெளிஞ்சுட்டு மணலுக்குள்ள பூந்துக்கும், பகல்ல கட்டைக்கடியில கெடக்கும், அந்தி சாஞ்சு லைட் அமத்துன பொறவு வெளிய வந்து மிச்சம் மீதியைப் பொறுக்கும். ஃபைட்டர் மேல, அது கீழ, ரெண்டுக்கும் சோலியே இல்ல. ஒத்தையா ரெண்டா விட்டா பயந்துக்கிட்டு கண்ணுலயே படாது, அதனால கூட்டமா விடுங்க.

ஈரோட்டுக்காரன்

நான் கொஞ்சம் மாத்தி சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. 60 சென்டிமீட்டர், 30, 30ன்னு பெருக்கிப் பாருங்க, 54 லிட்டர் வருது. மணல், கட்டை, மேல விடற இடைவெளி எல்லாம் கழிச்சா 45 லிட்டர் நின்னா பெருசு. பொட்டை ஃபைட்டரைக் கூட்டமா வளக்கறதுக்கே 75 லிட்டராவது வேணும்னுதான் அனுபவப்பட்டவங்க சொல்லுவாங்க. இப்ப சண்டை இல்லீன்னா அதுக இன்னும் முழுசா வளரலன்னு அர்த்தமா இருக்கலாம், முத்துன பொறவு கொணம் மாறும்.

நீங்க ஒரு வேலை பண்ணுங்க, தீனி போடறப்ப அஞ்சும் வருதான்னு பாருங்க. ஒண்ணு மட்டும் ஃபில்டருக்குப் பின்னாடியே நின்னுட்டு வரலைன்னா, ஒடம்புல தலையிலருந்து வாலுக்கு படுக்கைவாட்டுல கருங்கோடு ஓடுச்சுன்னா அது மெரண்டு போயிருக்குதுன்னு அர்த்தம். கோடு மேலருந்து கீழ நிக்கிற மாதிரி இருந்தா அது வேற, முட்டைக்கு தயாரா இருக்கறப்ப அப்படி வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் அந்த நீலக்கலர் பொட்டைதானான்னு ஒருக்கா நல்லா பாருங்க. ப்ளாகாட்ங்கற குட்டை வால் ஃபைட்டர் ரகத்துல ஆண் குட்டிய பீமேல்னு சொல்லி குடுத்துடறது சகஜம். வயித்துக்கடியில உப்புக்கல்லு கணக்கா வெள்ளைப்புள்ளி இருந்தா பெரும்பாலும் பொட்டை, செவுளை விரிக்கறப்ப பெருசா கருந்தாடி தள்ளுச்சுன்னா சந்தேகம்தான்.

என் முடிவு, இந்தத் தொட்டிக்கு நெரைட் நத்தை ரெண்டு போதுமுங்க. கண்ணாடிப் பாசிய சுத்தமா மேயும், நல்ல தண்ணில குஞ்சு பொரிக்காது, அதனால பெருகித் தொலைக்கற பிரச்சனையும் இல்ல.

கோவை_சிறுவாணி

அக்கா, கப்பி மேட்டர யாரும் சொல்லல. ஆண் கப்பிக்கு வால் பெருசா கலரா ஆடுறதால ஃபைட்டர் அதைய இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சு அடிக்கும், போக மாசா மாசம் குட்டி போட்டு தொட்டிய நெரப்பிரும். நியான் வேண்டாங்கறது என் கருத்து, அதுக்கு 25, 26 டிகிரிக்குள்ள இருந்தாதான் சந்தோசம், சித்திரை வைகாசில நம்மூர் தொட்டித் தண்ணி 30ஐ தாண்டிரும். எம்பர் டெட்ராவுக்கு சூடு கொஞ்சம் பரவால்ல, ஆனா மிருதுவான தண்ணி கேக்கும்.

தண்ணிதான் இங்க முக்கியமான விசயமே. எங்குளுக்கு சிறுவாணித் தண்ணி, உப்பே இருக்காது, அதுல குலி, கோரி (அடியில மேயற குட்டிக் கெளுத்தி), டெட்ரா எல்லாம் நல்லா வரும், ஆனா நத்தை ஓடு கரைஞ்சு வெளுத்துப் போகும்ங்கறதால கணவாய் ஓட்டுத் துண்டு போட்டு வெக்கறோம். உங்குளுது நேர் எதிர், 900 டிடிஎஸ்ல நத்தைக்கு ஓடு ஜம்முனு இருக்கும், குலிக்குத்தான் கஷ்டம். ஆர்ஓ தண்ணி பாதி, போர்த்தண்ணி பாதி கலந்தா 450, 500க்கு வந்துரும், ஆனா ஒரே நாள்ல மாத்தாதீங்க, வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்தறப்ப கொஞ்சங் கொஞ்சமா கொறைங்க. முழுக்க ஆர்ஓ ஊத்திட்டா தண்ணில பிஹெச்ச, அதாவது அமில-கார அளவ, நெலையா புடிச்சு வெக்கற சக்தியே இல்லாம அது திடீர்னு கீழ போயிரும். நாட்டு பாதாம் மரத்துல தானா விழுந்த காஞ்ச இலை ஒண்ணு ரெண்டு கழுவிப் போடுங்க, மருந்தடிச்ச தோட்டத்து இலையா இருக்கக் கூடாது. தண்ணி டீ கலருக்கு வரும், ஃபைட்டருக்கு அது ரொம்பப் புடிக்கும்.

திருப்பூர்_செடித்தொட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்பத்தான் டார்ச் அடிச்சுப் பாத்தனுங்க, நீலக்கலருக்கு வெள்ளைப்புள்ளி தெளிவா தெரியுது, தாடியும் இல்ல. அஞ்சும் தீனிக்கு வருது. மஞ்சக்கலர் மட்டும் கடைசியா வரும், அதுக்கு படுக்கைக்கோடு லேசா இருக்கற மாதிரி தெரியுது. மொதல்ல நெரைட் ரெண்டு விட்டுட்டு, தண்ணிய மெல்ல மாத்திட்டு, அப்புறம் குலி விடலாமான்னு யோசிக்கறன். இறால் விடலாமுங்களா? கோரி எப்படி?

கோபி_வாய்க்காமேடு

ஈரோட்டுத் தம்பி சொன்ன அளவுக்கணக்கு சரிதானுங்க, அதனால குலி ஆறோட நிறுத்திக்குங்க, கோரியும் சேத்து வேண்டாம். கோரியும் ஆறுக்குக் கொறயாம கேக்கும், 45 லிட்டர்ல ரெண்டு கூட்டத்துக்கு எடம் பத்தாது. செர்ரி இறால் விட்டா குட்டி அத்தனையும் ஃபைட்டர் வவுத்துக்குத்தான் போகும், விடாதீங்க.

மஞ்சக்கலருக்கு கோடு மறையற வரைக்கும் புதுசா எதையும் கொண்டாராதீங்க அம்மிணி. செடிய இன்னும் நெருக்கமா வைங்க, மேல மெதக்கற செடி கொஞ்சம் விடுங்க, ஒண்ணு கண்ணுக்கு ஒண்ணு தெரியாத மாதிரி மறைப்பு வேணும். குலி வாங்குனா தனி டப்பால ரெண்டு வாரம் வெச்சு சீக்கு இல்லீன்னு பாத்துட்டு, தொட்டில கட்டை, செடியெல்லாம் எடம் மாத்தி வெச்சுட்டு, ராத்திரி லைட் அமத்திட்டு விடுங்க. எடம் மாறுனா எது யாரு ஏரியான்னு ஃபைட்டருக்கே மறந்து போகும். நீலக்கலர அன்னைக்கு தனி டப்பால எடுத்து வெச்சுட்டு, நாலு நாள் கழிச்சு கடைசியா விடுங்க. குலிக்கு தீனி லைட் அமத்துன பொறவு போடுங்க, முழுகற பெல்லட்ட ஃபைட்டர் பாத்துச்சுன்னா அதையும் முழுங்கி வவுறு உப்பிக்கும். டப்பா ஒண்ணு எப்பவும் கைவசம் இருக்கட்டும், துடுப்பு கிழிஞ்சது தெரிஞ்சா அடுத்த நிமிசமே பிரிச்சு வெக்கோணும்.